சாய்ந்தகுளத்துக்கு இரண்டாவது மைக் வந்த கதை

தாமிரபரணிக்குத் தெற்கே சாய்ந்தகுளம் என்று ஓர் ஊர். குளத்துத் தண்ணீர் எந்நேரமும் மேற்குப் பக்கமே கிடப்பதைப் பார்த்த ஊர்க்காரர்கள், குளம் சாய்கிறது என்று கண்டுபிடித்து, மேற்குக் கரைக்கு நான்கு பனந்தூண்களை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு குளம் ஓர் அங்குலம்கூடச் சாயவில்லை. ஆகவே அவர்களுக்குத் தங்கள் புத்தியின் மேல் நம்பிக்கை கொஞ்சம் ஜாஸ்தி.

அந்த ஊரில், வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் நடுவில் இருந்த பழைய நெல் குடோனில், வெயிலுமுத்து ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருந்தான். அவனோடு சேர்ந்து நடத்தியவர்கள் மூன்று பேர்: அக்கா மாடத்தி, அக்கா வீட்டுக்காரர் சொரிமுத்து, மாமா முறையான ஆண்டிக்கண்ணு. ஸ்டுடியோ ஆரம்பிக்கும்போது விவரம் தெரிந்த ஒருவர், "சுவர் பூரா முட்டை அட்டையை ஒட்டுங்க, வெளிச்சத்தம் உள்ளே வராது" என்று சொல்லியிருந்தார். நால்வரும் முட்டையோடு சேர்த்தே ஒட்டினார்கள். முட்டை இல்லாவிட்டால் அது வெறும் அட்டைதானே? எல்லாம் நாட்டுக்கோழி முட்டை. சித்திரை வெயிலில், இருபத்தோராம் நாள், சுவர் குஞ்சு பொரித்தது. சொன்னவர் சொன்னது பொய்யில்லை. உள்ளே கேட்ட சத்தத்தில் வெளிச்சத்தம் கேட்கவே இல்லை.

ஸ்டுடியோவில் இருந்தது ஒரே ஒரு மைக். "ஊசி விழுந்தாலும் கேக்கும்" என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். வெயிலுமுத்து அன்றைக்கே ஓர் ஊசியைப் போட்டுப் பார்த்தான். கேட்டது. பிறகு அந்த ஊசியை மூன்று நாள் தேடினார்கள். கடைசியில் ஆண்டிக்கண்ணு மாமாவின் குதிகால்தான் அதைக் கண்டுபிடித்தது. அப்போது மாமா போட்ட சத்தமும் மைக்கில் மிகத் தெளிவாகப் பதிவானது.

வெயிலுமுத்துவுக்கு அந்த மைக் மேல் உயிர். தினமும் காலையில் துண்டால் துடைத்து, "ராத்திரி நல்லாத் தூங்குனியா?" என்று கேட்டுவிட்டுத்தான் காப்பி குடிப்பான்.

இப்படியிருக்கையில் அம்மன் கோவில் திருவிழாவான கொடை வந்தது. போன வருஷம் இரண்டு தெருவும் சண்டை போட்டுக்கொண்டு கொடையே நின்றுபோயிருந்தது. இந்த வருஷம் சமாதானம். வடக்குத் தெரு பேராச்சியும் தெற்குத் தெரு மயிலேறும்பெருமாளும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாட வேண்டும், அது கொடையன்று குழாய் ஸ்பீக்கரில் ஒலிக்க வேண்டும் என்று கொடைக் கமிட்டி முடிவு செய்தது. ஒரே நிபந்தனை: ஒரு தெரு சத்தம் இன்னொரு தெரு சத்தத்தை மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் சமாதானம் ரத்து.

சிக்கல் என்னவென்றால், பேராச்சி குலவை விட்டால் அடுத்த ஊர் வயலில் மேய்கிற மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். மயிலேறும்பெருமாள் ஒரு பாட்டை முழுதாகப் பாடி முடித்த பிறகு, பக்கத்தில் இருப்பவர், "என்னமோ சொல்ல வந்தியளே, சொல்லுங்க" என்பார்.

இருவரையும் ஒரே மைக் முன்னால் நிறுத்திப் பார்த்தார்கள். பேராச்சி மட்டும் கேட்டாள். அவளை வாசலில் நிறுத்தினார்கள். பேராச்சி மட்டும் கேட்டாள். குளத்தங்கரைக்கே அனுப்பினார்கள். அப்போதும் பேராச்சி மட்டும்தான் கேட்டாள், கூடவே தவளை.

கமிட்டித் தலைவர் பொறுமை இழந்தார். "இன்னொரு மைக் வாங்குங்க வே! வெள்ளிக்கிழமைக்குள்ள பாட்டு வரலேன்னா பக்கத்து ஊர் ஸ்டுடியோவுக்குக் குடுத்துருவோம்."

பக்கத்து ஊர்க்காரர்கள் விவரமானவர்கள். அவர்களிடம் போவதைவிடக் கேவலம் சாய்ந்தகுளத்துக்கு வேறில்லை. ஆனாலும் வெயிலுமுத்து உடனே செய்த காரியம், மைக்கின் தலைமேல் துண்டைப் போட்டு மூடியதுதான். மற்ற மூவரையும் சைகை காட்டி வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனான்.

"எதுக்குடே இவ்வளவு தூரம் இழுத்துட்டு வாரே?" என்றார் சொரிமுத்து.

"மெதுவாப் பேசுங்க அத்தான். ஊசி விழுந்தாலே கேக்குற மைக்கு. ரெண்டாவது மைக்குன்னு பேச்சு காதில விழுந்தா அது மனசு என்ன பாடுபடும்?"

எல்லோரும் அதை யோசித்தார்கள். மாடத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூத்தது இருக்கும்போது இன்னொண்ணு வருதுன்னா சும்மாவா?"

"அதுக்கும் ஒரு துணை வேண்டாமாக்கா?" என்றான் வெயிலுமுத்து. சொல்லிவிட்டானே தவிர, அவனுக்கே அது சமாதானமாகப் படவில்லை.

திருநெல்வேலியில் மைக், ஸ்பீக்கர் விற்கிற மைதீன் பாய்க்குப் போன் போட்டார்கள். பாய் தங்கமான மனிதர். எல்லாம் கேட்டுக்கொண்டு, "இருக்குற மைக்குக்கு ஏத்த ஜோடியாப் பாத்து எடுக்கணும் வே. அதனால அந்த மைக்கையும் கையோட கொண்டாங்க. பாடுற ரெண்டு பேர் குரலையும் கொண்டாங்க. பக்கத்துல பக்கத்துல வச்சுக் கேட்டுப் பாத்துருவோம்" என்றார்.

போனை வைத்ததும் விவாதம் தொடங்கியது.

"கையோட கொண்டாங்கன்னா, யார் கையோட?" என்றார் ஆண்டிக்கண்ணு.

"நம்ம கைன்னா நம்மளோடதான வரும். அதைத் தனியாச் சொல்லுவாரா? மைக்கோட கையைத்தான் சொல்லுதாரு" என்றார் சொரிமுத்து. மைக் ஸ்டாண்டில் ஆறடி நீளத்துக்கு ஒரு இரும்புக் கை உண்டு. அது சரியென்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

"குரலு?" என்றார் ஆண்டிக்கண்ணு.

"அதையும் கொண்டு வரச் சொல்லிருக்காரு. ஆளைக் கொண்டு வரச் சொல்லல. பஸ்ஸுல இடம் இருக்காதுன்னு யோசிச்சிருப்பாரு. நல்ல மனுஷன்."

மாடத்தி இரண்டு பித்தளைச் செம்புகளைப் புளி போட்டு விளக்கி எடுத்து வந்தாள். பேராச்சி ஒரு செம்பில் வாயை வைத்துப் பாட்டை முழுதாகப் பாடினாள். மயிலேறும்பெருமாள் மற்றொன்றில் பாடினார். பாடினார் என்றுதான் அவர் சொன்னார். இரண்டையும் உடனே துணியால் இறுக்கிக் கட்டினார்கள். குரல் வெளியூர் போயிருக்கிறதே, திரும்பி வரும்வரை பேசக் கூடாது என்று பேராச்சி வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வடக்குத் தெருவில் அன்றைக்குப் பெரியவர்கள் பகலிலேயே தூங்கினார்கள்.

மறுநாள் காலை பஸ்ஸில் போனார்கள். மைக்கின் ஆறடிக் கை சீட்டுகளுக்கு மேலே நீண்டு, சரியாகக் கண்டக்டரின் வாய்க்கு நேரே போய் நின்றது. அவர் விலகினார், பஸ் திரும்பியது, மைக்கும் கூடவே திரும்பியது. பிறகு அவர் விலகுவதை விட்டுவிட்டார். அடுத்த நிறுத்தத்திலிருந்து ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் ராகத்தோடு சொல்ல ஆரம்பித்தார்.

மாடத்தி மடியில் இரண்டு செம்புகள். அவள் அருகே, திருநெல்வேலிக்குக் கண்ணாடி மாற்றப் போகிற சங்கரபாகம் என்ற சாதுவான மனிதர் உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. மாடத்தி கண் அயர்ந்தாள். சங்கரபாகத்துக்குத் தாகம். செம்பைப் பார்த்தார், துணியை அவிழ்த்தார், அண்ணாந்து வாயில் கவிழ்த்தார்.

ஒன்றும் வரவில்லை. "தண்ணியே இல்லையேம்மா!" என்றார். அவருக்குப் பிறவியிலேயே கீச்சுக் குரல்.

மாடத்தி திடுக்கிட்டு எழுந்தாள். "ஐயோ! பேராச்சி குரலைக் குடிச்சிட்டாரே! கேட்டியளா, அப்படியே அவ சத்தம்!"

வெயிலுமுத்துவுக்கு வெள்ளிக்கிழமை, கமிட்டி, பக்கத்து ஊர், எல்லாம் கண்முன் வந்து போயின. ஆண்டிக்கண்ணு மட்டும் நிதானமாக இருந்தார். "பதறாதிய. குரல் எங்கயும் போகல. பாத்திரந்தான் மாறிருக்கு. செம்புக்குப் பதிலா இவரைக் கொண்டு போவோம்."

சங்கரபாகம் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். கூடவே இறங்கினார். வழியில் வேறு யாரிடமும் பேசிக் குரலைச் செலவழித்துவிடக் கூடாது என்று மாடத்தி அவர் வாயைத் துணியால் கட்டினாள், செம்பைக் கட்டிய அதே துணி.

மைதீன் பாய் கடை வாசலில் ஆறடி இரும்புக் கை முதலில் நுழைந்தது. அதன் பிறகு மைக், மூன்று பேர், ஒரு செம்போடு மாடத்தி, வாய் கட்டிய ஒருவர். பாய் இருபத்தைந்து வருஷமாக வியாபாரம் செய்கிறவர். ஒன்றும் கேட்காமல் எல்லோருக்கும் டீ சொன்னார்.

பிறகு, கனமாகவும் முரடாகவும் இருந்த ஒரு புது மைக்கை எடுத்துப் பழைய மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார். "சரி, கேட்டுப் பாருங்க."

நால்வரும் மேஜைமேல் குனிந்து இரண்டு மைக்கிலும் காதை வைத்தார்கள். நெடுநேரம் அப்படியே நின்றார்கள்.

"என்ன சொல்லுது?" என்றார் சொரிமுத்து.

"ரெண்டும் வாயே திறக்கலியே" என்றார் ஆண்டிக்கண்ணு.

"புது இடம்லா. கூச்சமா இருக்கும்" என்றாள் மாடத்தி.

வெயிலுமுத்துவுக்கு மட்டும், பழைய மைக் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டது போலத் தோன்றியது. அதைத் தன் பக்கமாக மெல்லத் திருப்பி வைத்தான்.

பாய், "குரல் கொண்டு வந்தியளா?" என்று கேட்டார். பெருமாளின் செம்பைப் பயபக்தியோடு அவிழ்த்து மைக் அருகே சாய்த்தார்கள். நிசப்தம்.

"பாய், அந்த ஃபேனை நிப்பாட்டுங்க. அவரு மெதுவாத்தான் பாடுவாரு" என்றார் ஆண்டிக்கண்ணு.

பாய் ஃபேனை நிறுத்தினார். எல்லோருக்கும் வேர்த்தது. "இப்பம் கேக்குது! ரெண்டாவது வரியில இருக்காரு!" என்றார் ஆண்டிக்கண்ணு. பாய் செம்பைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், சங்கரபாகத்தின் வாய்க்கட்டைத் தாமே அவிழ்த்துவிட்டார்.

"நீங்க ஒரு வரி பாடுங்கய்யா."

சங்கரபாகம் பயத்தில், உச்சத்தில் ஒரு வரி பாடினார். புது மைக் அதை அலுங்காமல் வாங்கிக்கொண்டது. பாய் பேசினார்: "பாத்தியளா? பழசு நுணுக்கம். மெதுவாப் பாடுற பெருமாளுக்கு அது. புதுசு முரடு. எவ்வளவு கத்துனாலும் தாங்கும். பேராச்சியம்மாவுக்கு இது. பழசுக்கு எது வராதோ அது புதுசுக்கு வரும். புதுசுக்கு வராதது பழசுக்கு வரும். அதான் ஜோடி."

"பழசு சங்கடப்படாதா பாய்?" வெயிலுமுத்து அடிக்குரலில் கேட்டான்.

பாய்க்கு எங்கோ ஓரிடத்தில் மனசு இளகிவிட்டது. "அதுக்கு இனிமே பேராச்சி குரலைத் தாங்க வேண்டாம்லா வே. சந்தோஷந்தான் படும்."

வெயிலுமுத்து பழைய மைக்கைப் பார்த்தான். உண்மைதான், அது கொஞ்சம் தெம்பாகத் தெரிந்தது. இரண்டு நாளில் முதல்முறையாக அவனுக்கு டீ இனித்தது.

வழியனுப்பும்போது பாய் மூன்று விஷயம் சொன்னார். ஒருவர் சத்தம் அடுத்தவர் மைக்கில் விழாதபடி இரண்டு மைக்கையும் நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும். புது மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு விரல் இடம் இருக்க வேண்டும். புது மைக்குக்குப் பின்னால் பேசுவது அதற்கு அவ்வளவாகக் கேட்காது. மூன்றையும் மறக்காமலிருக்க, பஸ்ஸில் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

சங்கரபாகத்தையும் கூட்டி வந்தார்கள். அவர் பேராச்சியின் காதில், "எடுத்துக்கோம்மா" என்றார். "வந்துட்டீயளா?" என்று பேராச்சி போட்ட சத்தத்தில் வடக்குத் தெரு மொத்தமும் எழுந்து உட்கார்ந்தது. சங்கரபாகம் கண்ணாடி மாற்றாமலே வீடு திரும்பினார். குரலைக் கொடுத்துவிட்டு வந்ததால் வீட்டில் ஒரு வாரம் எழுதிக் காட்டித்தான் சோறு கேட்டாராம்.

வெள்ளிக்கிழமை காலை ரெக்கார்டிங். நன்றாகத் தள்ளி வைக்க வேண்டுமே? புது மைக்கை வடக்குத் தெருக் கோடியில் பேராச்சி வீட்டு வாசலிலும், பழைய மைக்கைத் தெற்குத் தெருக் கோடியில் மயிலேறும்பெருமாள் வீட்டு வாசலிலும் வைத்தார்கள். ஊரிலிருந்த வயர் எல்லாம் முடிச்சுப் போட்டு ஸ்டுடியோவுக்கு இழுத்தார்கள். துணைக்கென்று வாங்கிவிட்டு இப்படி ஆளுக்கொரு மூலையில் பிரித்து வைக்கிறோமே என்று வெயிலுமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. பழைய மைக் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

பாட்டு இப்படி: "வடக்கே மழை பொழிய வேணும்" என்று பேராச்சி பாட வேண்டும். "தெற்கே குளம் நிறைய வேணும்" என்று பெருமாள் முடிக்க வேண்டும். ஆனால் பேராச்சி எப்போது முடித்தாள் என்று பெருமாளுக்கு எப்படித் தெரியும்? அவள் பாடினால் ஊருக்கே கேட்குமே என்பீர்கள். கேட்டது. ஆனால் ஒருவர் சத்தம் அடுத்தவர் பக்கம் விழக் கூடாது என்று பாய் சொல்லியிருந்ததால் பெருமாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தார்.

ஆண்டிக்கண்ணு மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். பேராச்சி ஒரு வரி பாடியதும் தெற்கே ஓடினார். மைக் முன்னால் நின்று, "ஹா... ஹா... அவ... முடிச்சிட்டா... ஹா... நீரு பாடும்" என்று பெருமாளின் பஞ்சை எடுத்துச் சொன்னார். பெருமாள் பாடியதும் வடக்கே ஓடினார். "ஹா... ஹா... அவரு... முடிச்சிட்டாரு... நினைக்கேன்... ஹா..." மொத்தம் இருபத்துநாலு வரி.

வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் ஒரு விரல் இடம் என்றதால், மாடத்தி தன் ஆள்காட்டி விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள். பதினேழாவது வரி உச்சஸ்தாயி. பேராச்சி கண்ணை மூடி, வாயைப் பெரிதாகத் திறந்து, பிறகு மூடினாள். மாடத்தி அன்று தொட்ட சுருதியைப் பேராச்சி அதற்கு முன்னும் தொட்டதில்லை, பின்னும் தொட்டதில்லை.

பின்னால் பேசினால் கேட்காது என்பதும் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. வடக்குத் தெருவே புது மைக்குக்குப் பின்னால் கூடி நின்று, தெற்குத் தெருவைப் பற்றி மனசிலிருந்ததை எல்லாம் சொன்னது. இந்த விவரத்தைக் கேள்விப்பட்ட தெற்குத் தெருவும், எல்லா மைக்கும் அப்படித்தான் என்று நினைத்து, பழைய மைக்குக்குப் பின்னால் நின்று வடக்கைப் பற்றிச் சொன்னது. பழையதுதான் ஊசி விழுந்தாலே கேட்கிற மைக் ஆயிற்றே.

கொடையன்று குழாயில் பாட்டு ஒலித்தது. மழை பொழிய வேணும் என்று பேராச்சி கேட்டாள். பின்னாலேயே, "தெக்குத் தெருக்காரன் கஞ்சப் பய, கொழுக்கட்டைக்குள்ளயும் கொழுக்கட்டையைத்தான் வப்பான்" என்று ஒரு குரல் வந்தது. பெருமாள் குளம் நிறைய வேணும் என்றார். "வடக்குத் தெருவுல பொண்ணு எடுத்தா வீட்டுல ரேடியோவே வேண்டாம்" என்று இன்னொரு குரல் வந்தது. இரண்டு தெருவும் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன. வெயிலுமுத்து போய்ப் பழைய மைக்கை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டான். அடி விழுந்தால் அது தன்மேல் விழட்டும்.

கமிட்டித் தலைவர் கையைத் தூக்கினார். பாட்டை முழுதாகக் கேட்டார். மறுபடி போடச் சொல்லி, இந்தத் தெருவின் வசவுக்கு இடதுகை விரலும் அந்தத் தெருவின் வசவுக்கு வலதுகை விரலும் மடக்கிக்கொண்டே கேட்டார். கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"ரெண்டு பக்கமும் அஞ்சு அஞ்சு. ஒரு தெரு சத்தம் இன்னொரு தெரு சத்தத்தை மிஞ்சல. நிபந்தனைப்படி சமாதானம் செல்லும்!"

இரண்டு தெருவும் குலவையிட்டன. வெயிலுமுத்துவின் முதுகில் தட்டினார்கள். அவன் இடுப்பில் இருந்த மைக்குக்கும் ஒருவர் மாலை போட்டார்.

ஆனால் கூட்டம் கலையவில்லை. எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: "அந்த நடுவுல நடுவுல 'ஹா... ஹா...'ன்னு ஒரு குரல் வருதே, அது யாரு? என்னா உருக்கம்!" வடக்கும் தெற்கும் ஒரே கருத்தில் ஒன்றுபட்டது சரித்திரத்தில் அதுதான் முதல்முறை. அடுத்த வருஷம் ஆண்டிக்கண்ணு தனியாகவே பாட வேண்டும் என்று அங்கேயே தீர்மானம் போட்டார்கள்.

"ஓடுனாத்தான் எனக்கு அந்தக் குரல் வரும்" என்றார் ஆண்டிக்கண்ணு அடக்கமாக.

மறுபடி மைதீன் பாய் கடைக்குப் போனார்கள். "பாய், மாமா ஓடிக்கிட்டே பாடுவாரு. அதுக்குத் தோதா ஒண்ணு வேணும்."

பாய் கொஞ்சமும் தயங்காமல் ஒரு மைக்கை எடுத்து நீட்டினார். "அப்பம் இதை எடுங்க. இதுக்கு வயரே கிடையாது. நல்லா ஓடும் வே. பத்து வருஷத்துக்கு நிக்காம ஓடும்."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாடத்தி மைக்கைச் சட்டென்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கடையை விட்டு இறங்கியதும் முதல் வேலையாகச் சந்தையில் நல்ல தும்புக்கயிறு ஒன்று வாங்கி, மைக்கின் கழுத்தில் இரட்டை முடிச்சுப் போட்டார்கள். ஊருக்கு வந்ததும் அதை வேப்பமரத்தில் கட்டி, பக்கத்தில் ஆண்டிக்கண்ணுவைக் காவலுக்கு உட்கார வைத்தார்கள்.

காலையில் வெயிலுமுத்து வந்து பார்த்தான். மைக் கட்டின இடத்திலேயே இருந்தது.

"ராத்திரி பூரா ஒரு அடிகூட நகரல மாப்ளே" என்றார் ஆண்டிக்கண்ணு, பெருமையாக. "கயிறு நல்ல கயிறு."